கீயும் கார்டும்: கிட்டார் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏழெட்டு ஓப்பன் கார்டுகள் (சில தந்திகளை அழுத்தாமல் திறந்தபடி விட்டுப் பிடிக்கும் சுரக்கூட்டுகள்) கைக்கு வந்துவிட்டன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓரளவு தடுமாறாமல் மாறவும் முடிகிறது. ஆனால் இந்தப் பாட்டுக்கு ஏன் இந்தக் கார்டுகள் என்பது மட்டும் பிடிபடவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதியது இது. மெல்லிய தந்தி முதல் தந்தி, தடித்தது ஆறாம் தந்தி. தந்திகள் தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று வழக்கம்போல் சுருதி கூட்டப்பட்டிருப்பதாகக் கொள்ளுங்கள்.

கீ என்றால் என்ன? நம்முடைய சுருதியைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

பாதி அதுதான். ஒரு பாடகர் "எனக்கு ஒரு கட்டை" என்றால் அவருடைய சட்ஜம் சி சுரத்தில் இருக்கிறது. கட்டைக் கணக்கு ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளைப் பார்த்து வந்தது: சி ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் கறுப்புக் கட்டை இருந்தால் அரை. ஈ, எஃப் இரண்டுக்கும் நடுவே கறுப்பு இல்லை. மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று யாரும் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

கீ என்பது சட்ஜம் எது என்பதோடு, அதைச் சுற்றி எந்தச் சுரங்கள் நிற்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஜி மேஜர் என்றால் சட்ஜம் ஜி, மற்ற ஆறும் சங்கராபரண ராகத்தின் சுரத்தானங்களில். ஜி மைனர் என்றால் சட்ஜம் அதே ஜி, மற்றவை நடபைரவி ராகத்தின் சுரத்தானங்களில்.

இன்னொரு வேறுபாடு உண்டு. கார்டுகளைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம். கச்சேரியில் தம்புரா சட்ஜத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். கிட்டாரோடு பாடுகிற பாட்டில் தம்புரா கிடையாது. சட்ஜம் எங்கே இருக்கிறது என்று காதுக்குச் சொல்கிற வேலையை அங்கே கார்டுகள்தான் செய்கின்றன. சட்ஜத்தை விட்டுப் போவதும், தள்ளி நின்று இழுப்பதும், திரும்பி வந்து அமர்வதும்தான் கார்டு வரிசை.

கீயும் ஸ்கேலும் ஒன்றா?

நம் ஊர் மேடைகளில் "என்ன ஸ்கேல்?" என்று கேட்டால் கீயைத்தான் கேட்கிறார்கள், அப்படியே பதில் சொல்லிவிடலாம். கறாராகப் பார்த்தால் ஸ்கேல் என்பது ஏறுவரிசையில் அடுக்கிய சுரங்கள். கீ என்பது அந்தச் சுரங்களில் ஒன்றைச் சட்ஜமாக வைத்துப் பாட்டு நடப்பது.

ஒரு கீயில் எந்தெந்தக் கார்டுகள் வரும் என்பதை யார் தீர்மானித்தார்கள்?

யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ச ரி க ம ப த நி (சட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம்) என்று எழுதி, ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரங்களை எடுங்கள். ச-வில் தொடங்கினால் ச க ப. ரி-யில் தொடங்கினால் ரி ம த. பிறகு க ப நி, ம த ச, ப நி ரி, த ச க, நி ரி ம. ஏழு சுரம், ஏழு கார்டு. கீயின் கார்டுகள் என்பவை இவ்வளவுதான்.

இவற்றில் சில மேஜர், சில மைனர் ஆவது ஏன் என்பதற்கு ஃபிரெட்டுகளை, அதாவது கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளை, எண்ண வேண்டும். ஒரே தந்தியில் மேஜர் ஸ்கேலை வாசித்தால் ச-விலிருந்து ரி இரண்டு ஃபிரெட், அங்கிருந்து க இரண்டு, ம ஒன்று, ப இரண்டு, த இரண்டு, நி இரண்டு, மேல் ச ஒன்று. ஆக ச-வுக்கும் க-வுக்கும் இடையே நான்கு ஃபிரெட், க-வுக்கும் ப-வுக்கும் மூன்று. கீழே நான்கு, மேலே மூன்று என்றால் அது மேஜர் கார்டு. ரி ம த-வை எண்ணிப் பாருங்கள்: ரி-யிலிருந்து ம மூன்று, ம-விலிருந்து த நான்கு. தலைகீழாகிவிட்டது, அது மைனர்.

ஏழையும் எண்ணினால் இப்படி வரும்: முதல் கார்டு மேஜர், இரண்டாவதும் மூன்றாவதும் மைனர், நான்காவதும் ஐந்தாவதும் மேஜர், ஆறாவது மைனர். ஏழாவதான நி ரி ம மட்டும் மூன்று, மூன்று என்று வரும்; அதற்கு டிமினிஷ்டு என்று பெயர். எந்த மேஜர் கீயை எடுத்தாலும் இந்த வரிசை மாறாது. சி கீயில் சி, டி மைனர், ஈ மைனர், எஃப், ஜி, ஏ மைனர், பி டிமினிஷ்டு. ஜி கீயில் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப் டிமினிஷ்டு. ஷார்ப் என்றால் ஒரு ஃபிரெட் மேலே.

ஆயிரம் கார்டு அச்சடித்த சுவரொட்டியை வாங்கி அறையில் ஒட்டிவைக்கிறவர்கள் உண்டு. அதைக் கழற்றிவிட்டு மேலே உள்ள ஒரே வரிசையை மனப்பாடம் செய்வது பல மடங்கு பயன்.

கார்டில் மூன்று சுரம் என்கிறீர்கள். கிட்டாரில் ஐந்து ஆறு தந்திகளை மீட்டுகிறோமே?

அதே மூன்று சுரங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சி கார்டைப் பிடித்து ஐந்தாம் தந்தியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டுங்கள்: சி, ஈ, ஜி, மறுபடி சி, மறுபடி ஈ. ஓப்பன் ஜி கார்டில் ஆறு தந்திகளும் ஒலிக்கும். கேட்பது ஜி, பி, டி, ஜி, பி, ஜி.

மேஜருக்கும் மைனருக்கும் இடையிலுள்ள அந்த ஒரு ஃபிரெட்டை விரலிலேயே பார்க்கலாம். ஈ கார்டில் ஆள்காட்டி விரல் மூன்றாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஈ மைனர். ஜி ஷார்ப்பாக இருந்தது ஜி ஆகிவிட்டது, வேறொன்றும் மாறவில்லை. ஏ கார்டுக்கும் ஏ மைனருக்கும் வேறுபாடு இரண்டாம் தந்தியில். டி-க்கும் டி மைனருக்கும் முதல் தந்தியில். விரல் அமைப்பு முழுவதும் மாறிவிடுவதால் இது கண்ணில் படுவதில்லை. மாறுவது எப்போதும் நடுச் சுரம்தான்; கார்டின் முதல் சுரத்தைச் ச என்று கொண்டால் அது காந்தாரம்.

ஐந்தாம் கார்டு வந்தால் முதல் கார்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும் போலிருக்கிறதே, ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்; கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சி கீயின் ஐந்தாம் கார்டு ஜி. அதோடு எஃப் சுரத்தைச் சேர்த்தால் ஜி செவன். ஆறாம் தந்தி மூன்றாம் ஃபிரெட், ஐந்தாம் தந்தி இரண்டாம் ஃபிரெட், நடுவில் மூன்று தந்திகள் திறந்தபடி, முதல் தந்தியின் முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரல். நான்கு முறை மீட்டிவிட்டு கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள். வைக்க மனம் வராது. ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டதுபோல் இருக்கும்.

இப்போது சி கார்டுக்கு மாறுங்கள். ஆள்காட்டி விரல் முதல் தந்தியிலிருந்து இரண்டாம் தந்திக்கு, அதே முதல் ஃபிரெட்டுக்கு நகர்கிறது. அந்தச் சின்ன நகர்வில் நடப்பதைக் கவனியுங்கள். முதல் தந்தியில் எஃப் ஒரு ஃபிரெட் இறங்கித் திறந்த தந்தியான ஈ ஆகிறது. இரண்டாம் தந்தியில் திறந்திருந்த பி ஒரு ஃபிரெட் ஏறி சி ஆகிறது. சி கீயின் கணக்கில் சொன்னால் ம இறங்கி க-வில் சேர்கிறது, நி ஏறி ச-வில் சேர்கிறது. காகலி நிஷாதத்தில் (மேல் ச-வுக்கு ஒரு ஃபிரெட் கீழே உள்ள நி) நின்றுவிட்டு மேல் சட்ஜத்தைத் தொடாமல் விட்டால் எப்படித் தவிக்கும் என்பது பாடுகிறவர்களுக்குத் தெரியும். அந்தத் தவிப்போடு ம-வின் இறக்கமும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்கிறது.

பி சுரத்துக்கும் எஃப் சுரத்துக்கும் இடையே ஆறு ஃபிரெட். பன்னிரண்டு ஃபிரெட்டில் சரிபாதி. இரண்டையும் தனியாக, முதல் இரண்டு தந்திகளை மட்டும் மீட்டிக் கேளுங்கள், கரகரப்பாக இருக்கும். ஒரு மேஜர் ஸ்கேலில் இந்த இடைவெளி ம-வுக்கும் நி-க்கும் இடையில்தான் உண்டு, வேறு எந்தச் சுர ஜோடிக்கும் இல்லை. அதனால் இந்த ஜோடி ஒலித்த மாத்திரத்தில் சட்ஜம் எங்கே என்று காது ஊகித்துவிடுகிறது. தம்புரா இல்லாத குறையைத் தீர்ப்பது ஐந்தாம் கார்டு என்று சொன்னால் மிகையில்லை.

நான்காம் கார்டிலிருந்து முதல் கார்டுக்கு வருவதும் திரும்பல்தான், ஆனால் மென்மையானது. சர்ச்சில் பாடலின் முடிவில் ஆமென் என்று இழுத்துப் பாடும்போது கேட்பது அதுதான். அங்கே நி இல்லை, அதனால் அவசரமும் இல்லை.

கார்டுகளுக்குப் பெயர் இருக்கும்போது ஏன் முதல், நான்கு, ஐந்து என்று எண்ணால் சொல்கிறார்கள்?

கீ மாறினால் பெயர் மாறும், எண் மாறாது. அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் இதையே ஒரு முறையாக ஆக்கிவிட்டார்கள். 1950-களின் பிற்பகுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் தொடங்கிவைத்தது. சார்லி மெக்காய் போன்ற வாத்தியக் கலைஞர்கள் வளர்த்தார்கள். பாட வந்தவர் கடைசி நேரத்தில் "கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாமா" என்றால் காகிதத்தில் எதையும் திருத்த வேண்டியதில்லை.

நாம் ச ரி க ம என்று படிப்பதும் இதே யோசனைதான். எந்தக் கட்டையில் பாடினாலும் ப எப்போதும் ப. கர்நாடக இசையைக் கொஞ்சமாவது கற்றவருக்கு எண் முறை ஒரு மணி நேரத்து வேலை. ஜி, ஈ மைனர், சி, டி என்று ஒரு பாட்டை மனப்பாடம் செய்யாதீர்கள்; ஒன்று, ஆறு, நான்கு, ஐந்து என்று செய்யுங்கள். அடுத்த நாள் அதையே ஏ கீயில் கேட்டால் ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, ஈ என்று கை தானாகப் போகும்.

கிட்டாரில் எந்தக் கீகள் எளிது?

ஜி-யும் சி-யும். ஜி கீயில் பி மைனர் ஒன்றுதான் பார் கார்டு (ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்திப் பிடிப்பது). சி கீயில் எஃப் ஒன்றுதான். டி கீயில் இரண்டு பார் கார்டுகள் வரும், ஏ கீயில் மூன்று. ஈ கீயில் ஈ-யும் ஏ-யும்தான் ஓப்பன், மற்றவற்றுக்கெல்லாம் விரலைப் படுக்கவைத்தே ஆக வேண்டும். டிமினிஷ்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

எஃப் வராமல் கிட்டாரை மூட்டை கட்டிவைத்தவர்கள் ஏராளம். அவசியமே இல்லை. நான்காம் தந்தி மூன்றாம் ஃபிரெட், மூன்றாம் தந்தி இரண்டாம் ஃபிரெட், இரண்டாம் தந்தி முதல் ஃபிரெட், முதல் தந்தி திறந்தபடி, தடித்த இரண்டையும் மீட்டாமல் விடுங்கள். எஃப் மேஜர் செவன் என்பார்கள். சி கீயில் எஃப் வரும் இடங்களில் பெரும்பாலும் இது அழகாகவே பொருந்தும். பி மைனருக்கும் இப்படி ஒரு வழி உண்டு: ஐந்து, மூன்று, ஒன்றாம் தந்திகளில் இரண்டாம் ஃபிரெட்டை அழுத்தி, நான்கையும் இரண்டையும் திறந்துவிடுங்கள், ஆறைத் தொடாதீர்கள். அது பி மைனர் செவன். பார் கார்டைப் பழகுவதை இதற்காக நிறுத்த வேண்டாம், பாட்டையும் அதற்காக நிறுத்த வேண்டாம்.

ஒரு பாட்டு எந்தக் கீயில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காதால் முடிந்தால் காதால்தான். பாட்டை எங்காவது நிறுத்திவிட்டு, எந்தச் சுரத்தை முனகினால் நிறைவாக இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஆறாம் தந்தியில் ஃபிரெட் ஃபிரெட்டாக ஏறி அந்தச் சுரத்தைத் தேடுங்கள். சங்கீத வகுப்புக்குப் போகாதவர்களுக்கும் சட்ஜம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

கார்டுகள் எழுதிய தாள் மட்டும் கையில் இருந்தால் ஒரு குறுக்குவழி: இரண்டு ஃபிரெட் இடைவெளியில் இரண்டு மேஜர் கார்டுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒரு மேஜர் கீயில் அப்படி ஒட்டி நிற்கிற மேஜர் ஜோடி நான்கும் ஐந்தும் மட்டுமே. தாளில் சி-யும் டி-யும் இருந்தால் கீ ஜி. எஃப்-பும் ஜி-யும் என்றால் சி. ஜி-யும் ஏ-யும் என்றால் டி. டி-யும் ஈ-யும் என்றால் ஏ.

பெரும்பாலான பாட்டுகளுக்கு இது போதும். ஏமாற்றும் இடங்களும் உண்டு. ஏ மைனர், எஃப், ஜி என்று சுற்றிச் சுற்றி வருகிற பாட்டில் இந்த விதி சி என்று சொல்லும். பாட்டோ ஏ மைனரில் போய் அமரும். ஜி, எஃப், சி, ஜி என்று போய் ஜி-யிலேயே ஓய்கிற பாட்டு இன்னொரு வகை. அதன் சுரங்கள் ஜி-யைச் சட்ஜமாகக் கொண்ட ஹரிகாம்போஜியுடையவை. சி-யை அங்கே சட்ஜம் என்று சாதிப்பவரோடு வாதிட வேண்டாம், பாட்டின் கடைசி வரியைப் பாடிக் காட்டுங்கள்.

பாட்டு தொடங்குகிற கார்டைப் பார்த்துக் கீயைச் சொல்லிவிடுவது ஆபத்து. நான்காம் கார்டிலோ ஆறாம் கார்டிலோ தொடங்குகிற பாட்டுகள் நிறைய. கடைசிக் கார்டு கொஞ்சம் நம்பகமான சாட்சி.

சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் அதே ஏழு கார்டுகள்தான் என்கிறார்கள். பிறகு வேறு கீ என்பது எதனால்?

சட்ஜம் வேறு. கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வரியில் முடிகிற விஷயம்: சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாக்கினால் நடபைரவி. சுரங்கள் அவையேதான், உட்காருகிற இடம்தான் மாறியிருக்கிறது. ஒவ்வொரு மேஜர் கீக்கும் மூன்று ஃபிரெட் கீழே அதன் மைனர் துணை இருக்கிறது. ஜி-க்கு ஈ மைனர், டி-க்கு பி மைனர்.

ஆனால் நடைமுறையில் மைனர் கீயில் ஒரு திருத்தம் செய்வார்கள். ஏ மைனரில் ஐந்தாம் கார்டு ஈ மைனர். அதில் ஜி சுரம் இருக்கிறது. ஏ சட்ஜத்துக்கு இரண்டு ஃபிரெட் தள்ளி இருப்பதால் அந்த நிஷாதம் இழுப்பதில்லை. ஜி-யை ஜி ஷார்ப்பாக உயர்த்தினால் ஈ மைனர் ஈ மேஜராகிறது, உடனே இழுக்கத் தொடங்குகிறது. ஈ கார்டிலிருந்து ஏ மைனருக்கு மாறிப் பாருங்கள்: விரல்களின் வடிவம் அப்படியே ஒரு தந்தி தள்ளி வைக்கப்படுகிறது, மூன்றாம் தந்தியில் முதல் ஃபிரெட்டில் இருந்த ஜி ஷார்ப் இரண்டாம் ஃபிரெட்டில் ஏ ஆகிறது. நி, ச. இந்தத் திருத்தம் சேர்ந்த ஸ்கேலுக்கு மேற்கில் ஹார்மோனிக் மைனர் என்று பெயர். நமக்கு அது கீரவாணி.

பாட்டில் கீயைச் சேராத ஒரு கார்டு வருகிறது. தாளில் தவறாக எழுதிவிட்டார்களா?

இணையத்தில் கிடைக்கிற தாள்களில் தவறு இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் கார்டு வாசித்துக் கேட்டு நன்றாக இருந்தால் அது வேண்டுமென்றே வைத்தது. கீ என்பது வேலி இல்லை.

அடிக்கடி வருகிற விருந்தாளிகள் மூன்று பேர். சி கீயில் டி மைனருக்குப் பதில் டி மேஜர் வந்தால், அடுத்து ஜி வரப்போகிறது என்று பெரும்பாலும் பந்தயம் கட்டலாம்; டி-யில் உள்ள எஃப் ஷார்ப், ஜி-யை நோக்கி இழுக்கிறது, சற்று நேரத்துக்கு ஜி-யே சட்ஜம் போல. இரண்டாவது, பி ஃபிளாட் (பி-க்கு ஒரு ஃபிரெட் கீழே) மேஜர். ராக் பாட்டுகளில் சர்வ சாதாரணம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: எஃப் மேஜருக்குப் பிறகு எஃப் மைனர், அதன் பிறகு சி. முழு பார் வடிவத்தில் எஃப் பிடித்தால் மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃபிரெட் அழுந்தியிருக்கும். எஃப் மைனரில் அதே தந்தியில் முதல் ஃபிரெட். சி-யில் அந்தத் தந்தி திறந்துவிடுகிறது. இரண்டு, ஒன்று, பூஜ்யம். சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம் என்று ஒரே தந்தியில் இறங்குகிற அந்த மூன்று சுரங்கள் எப்பேர்ப்பட்ட சாதாரண மெட்டையும் கலங்க வைத்துவிடும். அளவாகப் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு சரணத்திலும் வைத்தால் நாடகத்தனமாகிவிடும்.

ப்ளூஸ் வேறு உலகம். ஈ செவன், ஏ செவன், பி செவன் என்று மூன்று கார்டுமே செவனாக இருக்கும், மேஜர் கார்டின் மேல் மைனர் காந்தாரத்தைப் பாடுவார்கள். மேலே சொன்ன கணக்கைக் கொண்டு அதை அளக்க முயல வேண்டாம்.

ஏழாம் கார்டான டிமினிஷ்டைப் பாட்டுகளில் பார்க்கவே முடிவதில்லையே?

அதன் மூன்று சுரங்களும் ஐந்தாம் செவனுக்குள்ளேயே இருக்கின்றன. பி, டி, எஃப் ஆகியவற்றோடு ஜி-யைச் சேர்த்தால் ஜி செவன். வேலை ஒன்றுதான் என்பதால் பிடிக்க எளிதானதை வைத்துக்கொள்கிறார்கள்.

கேப்போ போட்டால் கீ மாறுகிறதா, கார்டு மாறுகிறதா?

கேப்போ என்பது எல்லாத் தந்திகளையும் ஒரே ஃபிரெட்டில் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப். அதைப் போட்டால் ஒலிக்கிற கீ மாறுகிறது, விரல் வடிவம் மாறுவதில்லை. இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ வைத்து ஜி வடிவத்தைப் பிடித்தால் வெளியே கேட்பது ஏ. தாளில் "கேப்போ 2, ஜி" என்று போட்டிருந்தால் கீபோர்டு வாசிப்பவரிடம் ஜி என்று சொல்லிவிடாதீர்கள்; அவருக்கு அது ஏ. ஒத்திகைகளில் பாதி சண்டை இதில்தான் தொடங்குகிறது.

கட்டை சொல்லிப் பாடுகிறவர்களுக்கு வாசிக்கும்போது கேப்போ பெரிய துணை. ஒன்றரைக் கட்டைக்கு முதல் ஃபிரெட்டில் சி வடிவம். இரண்டரைக்கு மூன்றாம் ஃபிரெட்டில் சி வடிவம் அல்லது முதல் ஃபிரெட்டில் டி வடிவம். நான்கு கட்டைக்கு முதல் ஃபிரெட்டில் ஈ வடிவம், அது சிரமம் என்றால் மூன்றாம் ஃபிரெட்டில் டி வடிவம். ஐந்தரைக்கு முதல் ஃபிரெட்டில் ஜி வடிவம். ஆறரைக்கு மூன்றாம் ஃபிரெட்டில் அதே ஜி வடிவம். கேப்போவை ஏமாற்று வேலை என்று இகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். திறந்த தந்திகளின் ஒலி பார் கார்டில் கிடைக்காது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ராகத்துக்குக் கார்டு போடலாமா?

ராகத்தின் சுரங்களில் அமைந்த மெட்டுக்குப் போடலாம். ஆலாபனைக்குப் போடாதீர்கள். கமகம் என்பது இரண்டு ஃபிரெட்டுகளுக்கு இடையே சுரம் அசைகிற விஷயம். கார்டு என்பது சுரத்தை ஃபிரெட்டில் ஆணியடித்து நிறுத்துவது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் இரண்டும் கெடும்.

மெட்டு என்றாலும் ராகத்தைப் பொறுத்தது. மோகனத்தில் ச ரி க ப த என்று ஐந்தே சுரம். ஒன்று விட்டு ஒன்று எடுக்கிற கணக்கைப் போட்டால் முழுசாக அகப்படுவது இரண்டு கார்டுகள்: ச க ப, த ச க. சி கீயில் சி-யும் ஏ மைனரும். வெளியிலிருந்து ம-வையும் நி-யையும் கடன் வாங்கி எஃப், ஜி போடலாம். மெட்டு மோகனமாகவே இருக்கும், பின்னணி சங்கராபரணமாகிவிடும். அது பிடிக்காதவர்கள் ச-வையும் ப-வையும் மட்டும் மீட்டிக்கொண்டிருப்பது உத்தமம். பழைய தம்புரா வழிதான்.

அந்தக் கூட்டுக்குத்தான் மேற்கத்திய ராக்கில் பவர் கார்டு என்று பெயர். காந்தாரமே இல்லாததால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை.

டியூனர் சரி என்கிறது. ஜி கார்டு இனிமையாக இருக்கிறது, ஈ கார்டு மட்டும் உறுத்துகிறது. கிட்டார் கெட்டுவிட்டதா?

உங்கள் காது நன்றாக இருக்கிறது. கிட்டாரின் பன்னிரண்டு ஃபிரெட்டுகளும் ஒரே விகிதத்தில் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொரு ஃபிரெட்டும் அதிர்வெண்ணைச் சுமார் 1.0595 மடங்கு உயர்த்தும். அப்போதுதான் எல்லாக் கீகளிலும் ஒரே கருவியை வாசிக்க முடியும். அதற்குக் கொடுக்கிற விலை காந்தாரத்தில் இருக்கிறது. இயல்பாக இனிக்கிற அந்தர காந்தாரத்தைவிட (மேஜர் கார்டின் க) ஃபிரெட்டில் கிடைப்பது சற்றுத் தூக்கலாக இருக்கும். ஒரு ஃபிரெட்டை நூறு பங்காக்கினால் ஏறக்குறைய பதினான்கு பங்கு தூக்கல்.

ஓப்பன் ஈ கார்டில் காந்தாரம் ஒரே ஒரு தந்தியில்தான், மூன்றாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில். அது உறுத்துகிறது என்று மூன்றாம் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தினால் ஈ தேனாகிவிடும். சி கார்டில் அதே தந்தி பஞ்சமம், அது இறங்கி ஒலிக்கும். பிறகு அதைச் சரிசெய்வீர்கள், ஈ மறுபடி உறுத்தும். டியூனர் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் ஃபிரெட்டில் விரலை அதிகம் அழுத்தினாலும் சுரம் மேலும் ஏறும், அதைமட்டும் கவனியுங்கள்.

ஐந்துகளின் வட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

கீகளைப் பஞ்சம உறவில் ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக அடுக்கிய படம் அது. வட்டமாக வேண்டாம். அது சொல்கிற ஒரு செய்தி போதும்: பஞ்சம உறவில் உள்ள கீகள் நெருங்கிய சொந்தம். சி-யிலிருந்து ஜி-க்குப் போனால் ஏழு சுரங்களில் எஃப் மட்டும் எஃப் ஷார்ப்பாக மாறுகிறது. எஃப் கீக்குப் போனால் பி மட்டும் பி ஃபிளாட் ஆகிறது. அதனால்தான் சி மேஜர் கார்டு மூன்று மேஜர் கீகளில் இருக்கிறது: சி-யில் முதல் கார்டாக, ஜி-யில் நான்காவதாக, எஃப்-பில் ஐந்தாவதாக. தனியாக ஒரு கார்டைக் காட்டி "இது எந்தக் கீ?" என்று கேட்டால் பதில் கிடையாது.

மேடையில் பாடகர் "அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றால் என்ன செய்வது?

கேப்போ ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது என்று கலங்க வேண்டாம். டி கீயில் இருந்த பாட்டுக்கு முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு சி வடிவங்களைப் பிடியுங்கள். டி, பி மைனர், ஜி, ஏ என்று வாசித்தது சி, ஏ மைனர், எஃப், ஜி ஆகும். சி கீயில் இருந்ததற்கு நான்காம் ஃபிரெட்டில் கேப்போ, ஜி வடிவங்கள். ஜி-யில் இருந்ததற்கு நான்காம் ஃபிரெட்டில் கேப்போ, டி வடிவங்கள். எண்ணால் படித்து வைத்திருந்தால் பாடகர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மாறிவிடலாம்.

இன்னொரு வழி, ஆறு தந்திகளையும் அரைக் கட்டை தளர்த்தி அதே வடிவங்களை வாசிப்பது. நிகழ்ச்சி முழுக்க அதே சுருதி என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள். ஒரே பாட்டுக்காக இறக்கி ஏற்றினால் தந்திகள் நிலைகொள்ள நேரம் பிடிக்கும், அடுத்த பாட்டின் பல்லவியிலேயே சுருதி நழுவும்.